பல மடிகளில் வளரும் பிள்ளை

‘பத்து’ என்று ஒருமுறையும் ‘பட்டு’ என்று ஒருமுறையும் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் நாக்கின் நுனி பல்லைத் தொடுகிறது. இரண்டாவதில் மடங்கி அண்ணத்தைத் தொடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்க் காதுக்கு இவை மயக்கமே இல்லாத இரண்டு வெவ்வேறு ஒலிகள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த பெரியவர்களில் பெரும்பாலோருக்கோ இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

அவர்கள் பிறக்கும்போது அப்படி இருக்கவில்லை என்பதுதான் வியப்பு. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியில் உள்ள தகர, டகர ஒலிகளை ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த கைக்குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் ஒலி மாறியதைக் கண்டுகொண்டு தலையைத் திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறமை மங்கிப் போயிருந்தது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ அதே வயதில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

உலகத்து மொழிகளின் ஒலிகளையெல்லாம் பிரித்தறியக்கூடிய ஆற்றலோடு பிறக்கும் பிள்ளை, முதல் பிறந்தநாளுக்குள் தன் வீட்டு மொழிக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. யாரும் உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. அடுப்பங்கரையில் நடக்கும் பேச்சும் வாசலில் கேட்கும் சண்டையும் அத்தையின் கொஞ்சலும்தான் அதற்குப் பாடம். மூளையின் கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்காகும் அந்த முதல் ஆண்டில், குடும்பமும் பண்பாடும் மூளைக்குள்ளேயே குடிபுகுந்துவிடுகின்றன.

அப்படியென்றால் அந்தக் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பெரிய கேள்வியாகிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்கு விடை அறுபது ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருகிறது.

வேலை தேடி வந்த வீடுகள்

ஆவடியில் டேங்க் ஃபேக்டரி என்று எல்லோரும் அழைக்கும் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. அதையொட்டி பாடியிலிருந்து பூந்தமல்லி வரை பட்டறைகளும் கம்பெனிகளும் பெருகின. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வருகிறார்கள்.

வந்தவர்கள் வேலையைப் பிடித்தார்கள், வாடகைக்கு வீடு எடுத்தார்கள். ஆனால் பாட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இன்றைக்கும் பல வீடுகளின் கதை இதுதான். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு அம்பத்தூருக்குத் திரும்புகிறாள். கூட வரும் அம்மா சில வாரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அதுவரை ஏழெட்டு மடிகளில் புரண்ட குழந்தைக்கு அதன்பின் பகலில் ஒரு மடி, இரவில் இரண்டு மடி. அம்மாவும் வேலைக்குப் போனால் பகலில் அந்த ஒரு மடியும் கேள்விக்குறிதான்.

இதில் குழந்தை எதை இழக்கிறது? எதை இழப்பதில்லை? அறிவியல் இந்தக் கேள்விகளை உற்றுப் பார்த்திருக்கிறது. விடைகளில் சில பயமுறுத்துகின்றன. பல தெம்பு தருகின்றன.

குன்றத்தூர்ப் புலவரும் வளர்ச்சி அட்டவணையும்

பூந்தமல்லிக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் குன்றத்தூர் இருக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். அவரையே குழந்தையாக்கி 19-ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘சேக்கிழார் பிள்ளைத்தமிழ்’ பாடினார்.

பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்குப் பத்துப் பருவங்கள் உண்டு. பாட்டியல் மரபில் வழங்கும் ஒரு கணக்குப்படி மூன்றாம் மாதத்தில் காப்பு: பிள்ளையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. ஐந்தில் செங்கீரை: கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையைத் தூக்கிக் குழந்தை அசைந்தாடும் பருவம். ஏழில் தால்: தாலாட்டுவது. ஒன்பதில் சப்பாணி: இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. பதினொன்றில் முத்தம். பதின்மூன்றில் வருகை: தளர்நடையிட்டு வா என்று அழைப்பது. பதினைந்தில் அம்புலி: நிலாவைக் காட்டி, பிள்ளையோடு விளையாட வா என்று கூப்பிடுவது.

தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் பாடிய இலக்கியம் இது, மருத்துவ ஏடு அல்ல. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்த கண்கள் இதன் பின்னால் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டில்லியைச் சேர்ந்தவர்கள். அந்த ஆய்வில் பிடிமானம் இன்றி நடக்கத் தொடங்கிய சராசரி வயது ஏறத்தாழ 12 மாதம். வருகைப் பருவம் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. செங்கீரைக்குச் சொல்லும் ஐந்தாம் மாதம் மட்டும் இன்றைய குழந்தைகளைப் பார்த்தால் கொஞ்சம் அவசரமாகத் தெரியும்.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி பெற்றோர்களுக்கு மிக முக்கியம். தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டன. எதிர்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தான், நம் பிள்ளை பதின்மூன்றாகியும் சுவரைப் பிடிக்கிறான் என்ற கவலைக்கு இதில் பதில் இருக்கிறது.

அம்புலிப் பருவத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இடுப்பில் பிள்ளை, கையில் சோற்றுக் கிண்ணம், வானத்தில் நிலா. அம்மா விரலை நீட்டுகிறாள். பிள்ளை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறது. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்து, ‘நீயும் அதைத்தானே பார்க்கிறாய்’ என்று உறுதி செய்துகொள்கிறது. இதைக் கூட்டுக் கவனம் என்கிறார்கள் உளவியலாளர்கள். ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி இரண்டாம் வயதில் வலுப்பெறும் இந்தத் திறமைதான் சொற்களைக் கற்பதற்கே அடிவாசல் என்று மைக்கேல் டொமசெல்லோ போன்றோர் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பார்ப்பதை மற்றவரும் பார்த்தால்தான் ‘நிலா’ என்ற ஒலி எதைக் குறிக்கிறது என்று பிள்ளைக்கு விளங்கும். நிலாச்சோறு ஊட்டுகிற வீடு, தன்னை அறியாமலே மொழிக்கான பயிற்சியை நாள்தோறும் நடத்துகிறது.

கடைசி மூன்று பருவங்களில் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள். ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தலும் பறை கொட்டலும் தேர் உருட்டலும். பெண்பிள்ளைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும். பெண்கள் கட்டிய மணல் வீட்டை ஆண் வந்து கலைப்பது விளையாட்டாகப் பாடப்படுகிறது. இரண்டு வயதுக்குள்ளேயே ‘நீ இப்படி விளையாடு, அவள் அப்படி விளையாடட்டும்’ என்று ஒரு சமூகம் சொல்லிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்று பொம்மைக் கடையில் காரும் பார்பியும் தனித்தனி அலமாரிகளில் நிற்பதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவது

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை கால்களை நீட்டி மடக்கி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டும் பாட்டியை எல்லோருக்கும் தெரியும். பாட்டி இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு அதற்கென்றே வந்துபோகும் ஆயாக்களும் இருக்கிறார்கள்.

இந்தத் தேய்ப்புக்குப் பலன் உண்டா? டில்லி மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 125 கைக்குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு எண்ணெய்களைக் கொண்டு நான்கு வாரம் உடம்பு பிடித்துவிட்டார்கள். நல்லெண்ணெய் தேய்த்த குழந்தைகளிடம் வளர்ச்சியும் தேய்ப்புக்குப் பிந்திய தூக்கமும் மேம்பட்டிருந்தன.

தொட்டுத் தூக்கிப் பழக்கும் விதம் உடல் வளர்ச்சியின் காலக்கணக்கையே மாற்றும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல உதாரணம் உண்டு. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் சார்லஸ் சூப்பர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே உட்கார்ந்தன, நடந்தன. பிறவியிலேயே அவர்கள் அப்படித்தான் என்று அதுவரை சொல்லிவந்தார்கள். சூப்பர் கண்டது வேறு. உட்காரவும் நடக்கவும் அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பயிற்சி கொடுத்தார்கள். தவழ்வதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை. தவழ்வதில் அந்தக் குழந்தைகள் முந்தவுமில்லை. பண்பாடு எதைப் பழக்குகிறதோ அது முன்னே வருகிறது.

சேலையில் கட்டும் தூளியின் ஆட்டம்போன்ற அசைவுக்கும் அறிவியல் துணை நிற்கிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில் 2013-இல் செய்த சோதனையில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா நடக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே அழுகை அடங்கி, இதயத் துடிப்பின் வேகமும் குறைந்தது. உட்கார்ந்தபடி வைத்திருந்தால் அந்தப் பலன் இல்லை. அதே குழுவினர் 2022-இல் இன்னொன்றும் கண்டார்கள். ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து பிறகு கிடத்தினால் குழந்தை விழித்துக்கொள்வது குறைகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் நடைபோடும் அப்பாக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

எல்லாப் பழக்கமும் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது ஆபத்து. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது கிருமிக்கு வழிவிடும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம். தூளியில் விளையாடிய பெரிய பிள்ளைகளின் கழுத்தில் சேலை முறுக்கிக்கொண்ட துயரச் செய்திகளையும் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். பாட்டியின் கைப்பக்குவத்தை வைத்துக்கொண்டு, இவற்றை மட்டும் தள்ளிவிடலாம்.

அம்மா ஒருத்தி மட்டுமா?

குழந்தைக்கு அம்மாவின் அண்மை ஒன்றே அடிப்படை என்ற கருத்து 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் மேற்கத்திய உளவியலில் வலுவாக இருந்தது. அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களின் நடுவில் உகாண்டாவில் தாய்களையும் சேய்களையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். அங்கே குழந்தைகள் அம்மாவோடு மட்டுமல்ல, பாட்டியோடும் அப்பாவோடும் அண்ணன் அக்காவோடும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மானுடவியலாளர் சாரா ஹர்டி 2009-இல் எழுதிய நூலில் ஒருபடி மேலே போனார். மனிதக் குழந்தை பல பேர் சேர்ந்து வளர்க்கவேண்டிய பிள்ளை, மனித இனம் பிழைத்ததே அப்படித்தான் என்பது அவர் வாதம்.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றியே ஆழமான ஆய்வு உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் ட்ராவிக் ஒரு தமிழ்க் கூட்டுக் குடும்பத்தோடு தங்கி, அங்கே அன்பு எப்படி இயங்குகிறது என்று எழுதிய நூல் 1990-இல் வெளிவந்தது. பெற்ற தாய் தன் அன்பை வெளியே கொட்டாமல் அடக்கி வைத்ததையும், கண்ணேறு பட்டுவிடும் என்ற அச்சத்தையும், பிள்ளைகள் பெரியம்மா சித்தி என்று பல தாய்களிடையே வளர்ந்ததையும், கேலியும் சீண்டலுமே அன்பின் மொழியாக இருந்ததையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். நாள்தோறும் ‘ஐ லவ் யூ’ சொல்லும் வீட்டை மட்டுமே அன்பான வீடாக எண்ணும் ஆய்வாளர், இந்த வீட்டை அன்பில்லாத வீடு என்று குறித்துக்கொண்டு போயிருப்பார். ‘ச்சீ, கருவாயா’ என்று கன்னத்தைக் கிள்ளும் கிழவியிடம் எவ்வளவு பாசம் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

பல மடி என்றால் தலைக்கணக்கு மட்டும் அல்ல. மாறாத சில முகங்கள், பிள்ளை சிணுங்கினால் திரும்பிப் பார்க்கும் முகங்கள், திரும்பத் திரும்ப வரவேண்டும். எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த புகழ்பெற்ற சோதனையில், சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சில நொடிகளில் குழந்தை குழம்புகிறது. சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. குழந்தைக்கு வேண்டியது பதில். அந்தப் பதிலை அம்மாவும் தரலாம், அத்தையும் தரலாம், கீழ்வீட்டு அக்காவும் தரலாம்.

வீட்டுப் பேச்சும் காதில் விழும் பேச்சும்

1995-இல் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கன்சாஸில் 42 குடும்பங்களைக் கவனித்து ஒரு கணக்கு சொன்னார்கள். மூன்று நான்கு வயதுக்குள் ஏழை வீட்டுப் பிள்ளை, வசதியான வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்பதுதான் அது. உலகமெங்கும் பரவிய இந்தக் கணக்கை 2018-இல் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர் கேள்விக்குள்ளாக்கினார்கள். அம்மா நேரடியாகப் பேசுவதை மட்டும் எண்ணாமல் வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்து எண்ணினால் அந்த இடைவெளி அப்படியே நிற்பதில்லை, சில ஏழைக் குடியிருப்புகளில் பேச்சு மிகுதியாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். தெற்கு மெக்சிகோவின் செல்டால் மாயா மக்களிடம் 2020-இல் வெளியான ஆய்வில், குழந்தையைப் பார்த்து நேரே பேசுவது மணிக்கு நாலு நிமிடம்கூட இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் உரிய வயதில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

நான்கு குடித்தனங்கள் ஒரே வளவில் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, காதில் விழும் பேச்சிலிருந்தும் பொறுக்கிக்கொள்கிறது. பார்பரா ரோகோஃப் 1993-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான். அமெரிக்கா, துருக்கி, குவாத்தமாலா, இந்தியா ஆகிய நாடுகளில் ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரையான பிள்ளைகளை அவர் குழு ஒப்பிட்டது. இந்தியாவில் எடுத்துக்கொண்டது தோல்-கி-பட்டி என்ற பழங்குடிச் சிற்றூர். அமெரிக்கப் பெற்றோர் பிள்ளையை எதிரே உட்கார வைத்துப் பாடம்போல விளையாடினார்கள். குவாத்தமாலாவிலும் இந்தியச் சிற்றூரிலும் பிள்ளைகள் பெரியவர்களின் வேலைக்கு நடுவே இருந்து, பார்த்துக் கற்றார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளில் கவனம் வைக்கும் திறமை அவர்களிடம் மேலோங்கியிருந்தது.

அதேவேளை, பேச்சு எவ்வளவு என்பதைவிட அது திரும்பி வருகிறதா என்பதே முக்கியம் என்கிறது அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வு. 2018-இல் வெளியான அதில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய தடவைகள் கூடக் கூட, கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி கூடுதலாக இயங்கியது. வெறும் சொல் எண்ணிக்கையைவிட இந்த மாறி மாறிப் பேசுவதற்குத்தான் தொடர்பு அதிகம். ‘இது என்ன? வெண்டைக்காயா? நீ நறுக்குறியா? வேணாம், கை வெட்டிக்கும். எண்ணு பாப்போம்’ என்று காய் நறுக்கிக்கொண்டே பேசும் அம்மாவிடம் இதற்கான எல்லாமே இருக்கிறது. தனியே ‘குவாலிட்டி டைம்’ ஒதுக்க முடியவில்லையே என்று அவர் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

ஆவடியின் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் இன்னொரு காட்சி. வீட்டில் தெலுங்கு, படிக்கட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம், மைதானத்தில் இந்தி. இத்தனை மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும், பேச்சு தாமதமாகும் என்று பல பெற்றோர் பயந்து, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசத் தொடங்குகிறார்கள். இந்தப் பயத்துக்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. இருமொழிப் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சொற்கள் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிப் பிள்ளைக்குச் சமமாகவே நிற்கும். பெற்றோருக்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் தடையில்லாமல் வருகிறதோ, அந்த மொழியில்தான் பிள்ளைக்குச் செழிப்பான பேச்சு கிடைக்கும்.

போனும் பாட்டியும்

சோறு ஊட்ட நிலாவைக் காட்டிய இடத்தில் இப்போது செல்போன் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பட்ரிசியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான பதில். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து 12 தடவை விளையாடினார். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களின் அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகள் எதுவுமே கற்கவில்லை. குழந்தை கண்ணைத் திருப்பினால் திரையும் சேர்ந்து திரும்பாது. குழந்தை ‘ஆ’ என்றால் திரை பதில் சொல்லாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

ஆனால் அதே போனில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுவரையான பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றார்கள். முன்பே பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. வீடியோ அழைப்பில் ஆள் பதில் சொல்கிறார், அதனால்தான். திருவண்ணாமலையிலோ தென்காசியிலோ இருக்கும் ஆத்தா, இரவு எட்டு மணிக்கு அழைத்து ‘என்னடா தங்கம், சாப்பிட்டியா? யாரு ஊட்டுனா?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து பேசினால், அவர் தம் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். கார்ட்டூன் பாட்டு அந்த வேலையைச் செய்யாது.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

‘அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்’ என்பது தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். பல நேரம் அது உண்மை. சில நேரம் அந்த ஆறுதல்தான் பிள்ளையின் பொன்னான மாதங்களைத் தின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் அத்தை மகள், மாமன் மகன், அக்கா மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது பரவலான வழக்கம். 2019-21 காலத்து ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் உறவுக்குள் மணமானவர்கள். நெருங்கிய உறவில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறவிச் செவித்திறன் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுதல். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப்போலவே சத்தமிடும். அதனால் வீட்டார் ஏமாந்துவிடுவார்கள். முதல் மாதத்தில் காதுப் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்பது மருத்துவர்கள் வகுத்த கால அளவு. பன்னிரண்டு மாதமாகியும் மழலை ஒலியோ கையசைப்போ இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல் வரவில்லை, இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பிறப்பு முதல் 18 வயதுவரை குறைகளைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் இருக்கின்றன.

சாப்பாடும் மூளைக்குள் போகிறது. அதே தேசிய ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. நாலில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010 முதல் 2012 வரை பிறந்த 251 குழந்தைகளை நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். இரும்புச்சத்து, ரத்தத்தில் கலந்த ஈயம், வீட்டுச் சூழல் ஆகியவை பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியோடு எப்படித் தொடர்புகொள்கின்றன என்று அவர்களின் கட்டுரைகள் விளக்குகின்றன. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பயறும் முட்டையும் ஊட்டுவதும், பேச்சுக் கொடுப்பதும் ஒன்றையொன்று ஈடுசெய்ய முடியாத இரண்டு தேவைகள்.

பால்வாடி ஆயாவின் இரண்டு கைகள்

வீடு சுருங்கும்போது ஊர் அந்த இடத்தை நிரப்ப முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே தொடங்கினார். ஊருக்கு ஊர் குழந்தைகள் மையங்கள் வந்தன. இன்று மாநிலத்தில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. மக்கள் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி நினைவூட்டல், பதிவேடு, சமையல் எல்லாம் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் தலையில். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற அழகான பாடத்திட்டம் கையில் இருந்தாலும் ஆடவும் பாடவும் அவர்களுக்கு நேரம் எங்கே?

இதைத் தீர்க்கப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்கு, அரை நாள் வந்து பிள்ளைகளுக்குக் கற்பிக்க மட்டும் கூடுதலாக ஓர் ஆள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எதிர்பாராத பலன் ஒன்றும் இருந்தது. பழைய பணியாளருக்குச் சத்துணவையும் சுகாதாரத்தையும் கவனிக்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. ஒரே ஒரு கூடுதல் ஆளால் மனமும் உடம்பும் சேர்ந்தே தேறின.

இத்தகைய பலன் நீண்டநாள் நிற்கும் என்பதை ஜமைக்கா காட்டியிருக்கிறது. கிங்ஸ்டனில் 1980-களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் சிலரது வீட்டுக்கு ஒரு சுகாதார ஊழியர் வாரம் ஒரு மணி நேரம் போனார். டப்பா, மூடி, துணி கொண்டு செய்த பொம்மைகளை வைத்து எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள்தான். இருபது ஆண்டு கழித்து 2014-இல் வெளியான கணக்கில், அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

அம்பத்தூருக்கு இதில் தனியே ஒரு சிக்கல் உண்டு. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பகம் கட்டாயம் என்று 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் அது உரிமை தந்தது. தொழிற்பேட்டையில் இருப்பவற்றில் பல, பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள். அங்கே வேலை செய்யும் பெண்ணை இந்த எண்ணிக்கைக் கணக்கு எட்டுவதே இல்லை. வட மாநிலத்திலிருந்து வந்து வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் தாயையும் எட்டுவதில்லை. அங்கன்வாடியோ பிற்பகலோடு மூடிவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து அம்மா வந்து சேர மாலை ஆறு, ஏழு ஆகிவிடுகிறது.

இடைப்பட்ட அந்த நேரத்தில் பிள்ளை யாரோடு இருக்கிறது? பூட்டிய வீட்டுக்குள் அக்காவோடா, வீட்டுக்காரம்மாவின் டிவி முன்னாலா, பட்டறை வாசலிலா? சிறு பட்டறைகள் சேர்ந்து தொழிற்பேட்டைக்குள்ளேயே பொதுக் காப்பகம் நடத்தலாம். ஷிஃப்ட் முடியும்வரை திறந்திருக்கும் அங்கன்வாடிகளை மாநகராட்சி வார்டு வாரியாகத் தொடங்கலாம். அங்கன்வாடிச் சோதனையில் பலித்த அந்தக் கூடுதல் ஆளை ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அமர்த்தலாம். பிள்ளையின் பெயரும் அதன் வீட்டு மொழியில் நாலு வார்த்தையும் தெரிந்த, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறாத ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவருக்கு ஒழுங்கான சம்பளமும் பயிற்சியும் தருவதற்கான செலவை, தொழிற்பேட்டை நிர்வாகமும் மாநகராட்சிகளும் இந்த நிதியாண்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.